குளிர்நாட்டுப் பயணம்: பெட்டி கட்டும்போதே நடக்கும் தவறுகள்

குளிர்நாட்டுக்குக் கிளம்புகிறவர்கள் பலர் முதலில் செய்யும் காரியம், கடையில் இருப்பதிலேயே தடிமனான ஸ்வெட்டரை வாங்குவது. பாதிப் பெட்டி அதிலேயே நிறைந்துவிடும். சிக்கல் அங்கே போனபின்தான் தெரியும். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே குளிரும். மியூசியம், உணவகம், ஹோட்டல் அறை எல்லாம் ஹீட்டர் புண்ணியத்தில் 20 டிகிரியை ஒட்டியே இருக்கும். உள்ளே நுழைந்த ஐந்தாவது நிமிடம் வியர்க்கும். கழற்றலாம் என்றால் அடியில் இருப்பது பழைய பனியன்!

உண்மையில் துணி சூடு தருவதில்லை. உடம்பின் சூட்டை, அடுக்குகளுக்கு நடுவே சிக்கிய காற்றுதான் பிடித்து வைக்கிறது. அதனால் உடம்போடு ஒட்டிய தெர்மல் (குளிருக்கான உள்ளாடை), அதன் மேல் ஃப்ளீஸ் என்ற மெத்தென்ற செயற்கைத் துணி மேலாடையோ மெல்லிய கம்பளி ஸ்வெட்டரோ, அதற்கும் மேல் காற்றும் ஈரமும் புகாத கோட் என்று போட்டால், இடத்துக்கு ஏற்ப ஒவ்வொன்றாகக் கழற்றலாம். நடு அடுக்கு பார்க்க நன்றாக இருக்கட்டும். உள்ளே உட்காரும்போது எல்லோர் கண்ணிலும் படுவது அதுதான்.

தெர்மலைப் பருத்தியில் வாங்குவது இன்னொரு தவறு. பருத்தி வியர்வையைக் குடித்துவிட்டு லேசில் காயாது. ஈரத்துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். மெரினோ என்ற செம்மறி ஆட்டின் மெல்லிய கம்பளியில் வாங்கினால் கொஞ்சம் விலை கூடுதல்தான். ஆனால் சீக்கிரம் நாற்றம் எடுக்காது என்பதால் இரண்டு செட்டே ஒரு வாரத்துக்குத் தாங்கும். ஜீன்ஸும் பருத்திதான். பனியில் நடந்து முழங்கால்வரை நனைந்தால் அன்றைய பொழுது போச்சு.

கோட்டை வெறும் சட்டை மேல் போட்டுப் பார்த்து வாங்காதீர்கள். உள்ளே போடப்போகும் ஸ்வெட்டரோடு போட்டு, கையை மேலே தூக்கிப் பாருங்கள். தோள் பிடித்தால் ஒரு அளவு பெரிது எடுங்கள். இடுப்புக்குக் கீழே இறங்கும் கோட் என்றால் உட்காரும்போது குளிராது. எல்லா போட்டோவிலும் வரப்போவது இது ஒன்றுதான். அதனால் கறுப்பைத் தவிர வேறு நிறம் எடுக்கத் துணியலாம் என்பேன். தொப்பியும் மஃப்ளரும் இரண்டிரண்டு இருந்தால் தினம் வேறு தோற்றம் கிடைத்துவிடும்.

அப்புறம் காலணி. இறுக்கமான ஷூவுக்குள் இரண்டு சாக்ஸ் திணித்தால் கால் அதிகமாகத்தான் சில்லிடும். காற்றுக்கும் இடமில்லை, ரத்த ஓட்டமும் குறையும். தடித்த கம்பளி சாக்ஸ் ஒன்று போதும். அதைப் போட்டுக்கொண்டே ஷூ வாங்குங்கள், விரல்கள் தாராளமாக அசைய வேண்டும். அடிப்பாகம் வழவழப்பான ஃபேஷன் பூட்ஸ் உறைபனியில் வழுக்கிவிடும்.

காற்றை உறிஞ்சும் வேக்யூம் பை இடத்தைத்தான் மிச்சப்படுத்தும், எடையை அல்ல. கோட்டையும் பூட்ஸையும் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள். பேட்டரியில் சூடாகும் ஜாக்கெட் என்றால் அதன் பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் அதற்கு அனுமதி கிடையாது.