பழைய கணினி விசைப்பலகையைப் பிரித்து மதிப்பிடும் முறை

1980களிலோ 1990களின் தொடக்கத்திலோ செய்யப்பட்ட விசைப்பலகை ஒன்று கைக்கு வந்தால், அதைக் கழுவித் துடைப்பதற்கு முன்பே மதிப்பிட்டுவிட வேண்டும். தூசி எங்கே அடர்ந்திருக்கிறது, திரவம் சிந்திய கறை எந்த வழியாக இறங்கியிருக்கிறது, எந்தத் திருகின் தலை ஏற்கெனவே தேய்ந்திருக்கிறது என்பவை அந்தப் பலகை எப்படிப் புழங்கப்பட்டது என்பதற்கான சான்றுகள். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் முதலில் புகைப்படம் எடுங்கள்; அதன் பிறகே கருவியைத் தொடுங்கள்.

அடிப்பக்கத்து ஒட்டுச்சீட்டில் மாதிரி எண்ணும் பெரும்பாலும் தயாரிப்புத் தேதியும் இருக்கும். அடுத்து, கம்பி முனையில் உள்ள இணைப்பியைப் பாருங்கள். டின் (DIN) எனப்படும் பெரிய ஐந்து முனை வட்ட இணைப்பியை எக்ஸ்டி, ஏடி ஆகிய இரு பழைய ஐபிஎம் வகைக் கணினிகளின் விசைப்பலகைகளும் பயன்படுத்தின. ஆனால் அவை அனுப்பும் சைகைகள் வேறு வேறானவை. ஆகவே இணைப்பி பொருந்துவதால் மட்டும் பலகை வேலை செய்யும் என்று கொள்ளக் கூடாது. சிறிய ஆறு முனை பிஎஸ்/2 இணைப்பி 1987இல் வந்தது. கணினியில் செருகுவதற்கு முன், ஐந்து வோல்ட் முனைக்கும் கிரவுண்டு முனைக்கும் இடையே ஷார்ட் இருக்கிறதா என்று மல்டிமீட்டரால் பார்த்துவிடுங்கள். இந்தப் பழைய இணைப்பிகளைக் கணினி இயங்கும்போது செருகவோ பிடுங்கவோ கூடாது.

மேலுறையைத் திறக்கும்போது பொறுமைதான் முதல் கருவி. திருகுகள் சில வேளைகளில் ஒட்டுச்சீட்டின் அடியிலும் ரப்பர் கால்களின் அடியிலும் மறைந்திருக்கும். எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் உறை அசையவில்லை என்றால் ஓரங்களில் கொக்கிகள் இருக்கின்றன என்று பொருள். அங்கே உலோக ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பினால், பல ஆண்டுகளில் விறைத்துப்போன பிளாஸ்டிக் உடைந்துவிடும். மெல்லிய பிளாஸ்டிக் அட்டையே போதும். ஐபிஎம் மாடல் எம் பலகையில் பின்விளிம்பில் நான்கு அறுகோணத் தலைத் திருகுகள் ஆழமான குழிகளில் இருப்பதால், 5.5 மில்லிமீட்டர் அளவுள்ள, சுவர் மெலிந்த குழல் ஸ்க்ரூடிரைவர் வேண்டும். மேலுறையைப் பின்பக்கத்திலிருந்து தூக்கி, முன்பக்கக் கொக்கிகளை விடுவிக்க வேண்டும்.

விசைமூடிகளை, அவற்றைக் கழற்றுவதற்கென்றே உள்ள கம்பி இடுக்கியால் நேராக மேல்நோக்கி இழுங்கள். சாய்த்து இழுப்பது, ஆல்ப்ஸ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் ஸ்விட்ச்களில் குறிப்பாக ஆபத்தானது. தண்டு உடைந்தால் மாற்றுத் தண்டு கிடைப்பது அரிது. இடைவெளி விசை, என்டர் போன்ற நீளமான விசைகளின் அடியில் சமநிலைக் கம்பி கோத்திருக்கும் என்பதால், அவற்றைச் சற்றே தூக்கி, கம்பி எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகு கழற்றுங்கள்.

மூடியை எடுத்தவுடன் ஸ்விட்ச்சின் வகை தெரிந்துவிடும். சிலுவை வடிவத் தண்டு செர்ரி எம்எக்ஸ் வகையின் அடையாளம். நீள்சதுரத் துளை உடைய வண்ணத் தண்டு பெரும்பாலும் ஆல்ப்ஸ் அல்லது அதைப் பின்பற்றிச் செய்யப்பட்டது. வெறும் சுருள் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால், அழுத்தும்போது ஸ்ப்ரிங் வளைந்து சொடுக்கும் ஐபிஎம் வகை. மின்தேக்க முறையில் இயங்கும் கீ ட்ரானிக் வகைப் பலகைகளில் ஒவ்வொரு விசைக்கும் அடியில் நுரைத் துண்டு ஒன்று இருக்கும். அது காலப்போக்கில் பொடிந்துவிடுவதால், எந்த விசையும் இயங்கவில்லை என்றாலும் மின்சுற்று கெட்டுவிட்டதாக முடிவு செய்யாதீர்கள். நுரையை மாற்றினால் முழுப் பலகையும் உயிர்பெறக்கூடும். ஆல்ப்ஸின் நிலை இதற்கு நேர்மாறானது. வெளியே பளிச்சென்று இருந்தாலும், தூசி உள்ளே நுழைந்து தண்டின் வழுக்கும் பரப்பு தேய்ந்திருந்தால், அந்தச் சொரசொரப்பை முழுமையாகப் போக்குவது கடினம். ஆகவே அதிகம் பயன்படும் எழுத்து விசை ஒன்றையும், எவரும் தொடாத விசை ஒன்றையும் மாற்றி மாற்றி மெதுவாக அழுத்திப் பாருங்கள். அந்த வேறுபாடே தேய்மானத்தின் அளவு.

1985இல் வந்த மாடல் எம்மில் நான் முதலில் பார்ப்பது பிளாஸ்டிக் ரிவெட்டுகளைத்தான். விசைச் சட்டத்தையும், மின்தடங்கள் அச்சிட்ட மெல்லிய பிளாஸ்டிக் தாள்களான மெம்பரேன் அடுக்குகளையும் பின்புற இரும்புத் தகட்டோடு இறுக்கிப் பிடிப்பவை அவை. பலகையை மெல்ல ஆட்டும்போது உள்ளே கலகலவென்று ஒலித்தால், சில தலைகள் உதிர்ந்திருக்கலாம். மெம்பரேனின் தட்டை நாடாக்களைக் கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து நேராக இழுத்து விடுவித்து, தகட்டைக் கவிழ்த்து வைத்து ரிவெட்டுகளைப் பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக விடுபட்டிருந்தால் கவலையில்லை. ஒரே பகுதியில் பல உதிர்ந்திருந்தால், அங்கே அடுக்குகள் விலகி, சொடுக்கு மங்கி, விசைகள் தவறவும் தொடங்கும். எல்லா ரிவெட்டுகளையும் செதுக்கி நீக்கி, நுண்ணிய துளையிட்டு, எம்2 அளவுத் திருகும் நட்டும் பூட்டுவதே நிலையான தீர்வு. அது ஒரு நாள் வேலையைக் கேட்கும். ஆனால் அந்தப் பலகை அதற்குத் தகுதியானது.

மஞ்சள் நிறத்தைக் கண்டு எதையும் ஒதுக்காதீர்கள், அது தோற்றக் குறை மட்டுமே. விசைமூடிகள் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கா பிபிடி பிளாஸ்டிக்கா என்று அறிய, உப்பை இனிக் கரையாத அளவுக்குக் கரைத்த நீரில், காற்றுக்குமிழ் இல்லாமல் மூடியை அமிழ்த்துங்கள்: ஏபிஎஸ் மிதக்கும், பிபிடி மூழ்கும். விரைவில் மஞ்சளாவதும் தேய்ந்து வழவழப்பாவதும் ஏபிஎஸ்தான். அசிட்டோன் அதைக் கரைத்துவிடும் என்பதால் அந்தத் திரவத்தைக் கறை நீக்கப் பயன்படுத்தவே கூடாது.

ஐசிகளின் (மின்சுற்றுச் சில்லுகளின்) மேலுள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியீட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். 8734 என்று இருந்தால் பெரும்பாலும் 1987ஆம் ஆண்டின் 34ஆம் வாரம். ஒட்டுச்சீட்டுத் தேதியைவிட அது பல ஆண்டுகள் பிந்தியது என்றால், உள்ளே உறுப்பு மாற்றப்பட்டிருக்கிறது. பச்சை படிந்த செம்புத் தடங்களை மல்டிமீட்டரின் தொடர்ச்சிச் சோதனையால் முனைக்கு முனை பாருங்கள். தனித்த ஒரு விசை இயங்கவில்லை என்றால் ஸ்விட்ச்சைச் சந்தேகிக்கலாம். ஒரு வரிசையே இயங்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் தடத்திலோ நாடாவிலோ இருக்கும்.

மீண்டும் பூட்டும்போது, மாடல் எம்மை ஏறத்தாழச் செங்குத்தாக நிறுத்திக்கொண்டு மூடிகளைப் பொருத்துங்கள். ஏதாவது ஒரு விசை சொடுக்காவிட்டால் ஸ்ப்ரிங் சரியாக அமரவில்லை. அந்த மூடியை மட்டும் எடுத்து மறுபடி பொருத்தினால் போதும்.