பழைய மோட்டார் சைக்கிளுக்கு ரன்னிங் லைற்றும் எல்ஈடி சிக்னலும்: நாலும் சேர்ந்து மின்னாமல் பூட்டுவது எப்படி?

புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையில் இரவில் ஏ9 வீதியில் ஓடுகிறவர்களுக்கு இது ஏன் தேவை என்று சொல்ல வேண்டியதில்லை. நடு வீதியில் படுத்திருக்கும் கட்டாக்காலி மாடு, பின் லைற்றே இல்லாத லான்ட்மாஸ்டர் (இரண்டு சக்கர உழவு இயந்திரம்), அதற்கு மேல் பின்னால் விரட்டி வரும் பஸ். பழைய 100 சிசி வண்டியின் மங்கல் சிக்னலை இதற்குள் யார் பார்ப்பார்கள்? என்னுடைய பழைய ஹீரோ ஹோண்டாவில் முன்னுக்கு இரண்டு ரன்னிங் லைற்றும், நாலு மூலைக்கும் எல்ஈடி சிக்னலும் பூட்டிய முறையைத்தான் எழுதுகிறேன். சீற் கழற்றுவது, பல்ப் மாற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

வாங்க வேண்டியவை

செம்மஞ்சள் எல்ஈடி சிக்னல் பல்ப் நாலு, எல்ஈடிக்கான இலத்திரனியல் பிளாஷர் (சிக்னலை விட்டு விட்டு எரிய வைப்பது) ஒன்று, 3 வாற் வெள்ளை எல்ஈடி லைற் இரண்டு, 2 அம்பியர் பியூஸும் அதன் கூடும், 1என்4007 டயோட் (மின்சாரத்தை ஒரு பக்கமாக மட்டும் விடுவது) இரண்டு, கொஞ்சம் வயர், சூடு காட்டினால் சுருங்கும் குழாய். மல்டிமீற்றர் மலிவானதே போதும்.

பார்ட்ஸ் கடைகளில் அம்பு மாதிரி மெல்லிய சிக்னல் செற் தொங்கும். வடிவுதான், ஆனால் வன்னி வெயிலில் பட்டப்பகலில் அது எரிகிறதா இல்லையா என்றே தெரியாது. வண்டியோடு வந்த பெரிய சிக்னல் கண்ணாடியை அப்படியே விட்டுவிட்டு, உள்ளே பல்பை மட்டும் மாற்றுங்கள். வெள்ளை பல்ப் வேண்டாம். செம்மஞ்சள் கண்ணாடிக்குள் வெள்ளை எல்ஈடி வெளிறித்தான் தெரியும்.

1. மின்சாரம் எடுக்கும் வயர்

பலர் முன் லைற் வயரிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் முன் லைற்றுக்குப் போவது பற்றரியின் டிசி மின்சாரம் அல்ல, என்ஜின் கொயிலிலிருந்து திசை மாறி மாறி வரும் ஏசி. எல்ஈடியை அதில் கொடுத்தால் மினுங்கும், கெதியில் செத்தும் போகும். என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் திறப்பை மட்டும் போட்டு, மல்டிமீற்றரை டிசி 20 வோல்ற்றில் வையுங்கள். திறப்புப் போட்டால் 12 வோல்ற் அளவில் காட்டி, எடுத்தால் பூச்சியத்துக்கு வரும் வயர்தான் நமக்கு வேண்டியது.

கறுப்பு என்றால் நெகற்றிவ் என்று பழகியவர்கள் கவனம். ஹோண்டா வழி வண்டிகளில் கறுப்புத்தான் திறப்புக்குப் பிறகு வரும் பொசிற்றிவ், பச்சைதான் எர்த், அதாவது நெகற்றிவ். பஜாஜில் நிறங்கள் வேறு. எந்த வண்டியானாலும் நிறத்தை நம்பாமல் மீற்றரை நம்புங்கள்.

2. ரன்னிங் லைற்

கறுப்பு வயரில் எடுத்த இடத்துக்குக் கிட்டவே பியூஸ், அதன் பிறகு இரண்டு லைற்றும், மற்ற முனை பச்சைக்கு. இரண்டும் சேர்ந்து 6 வாற், அதாவது அரை அம்பியர்தான், ரிலே தேவையில்லை. லைற் இரண்டையும் முடிந்தளவு அகலமாக வையுங்கள். இரண்டு புள்ளிக்கும் இடைவெளி இருந்தால்தான் எதிரே வருகிறவருக்கு நீங்கள் எவ்வளவு தூரத்தில் வருகிறீர்கள் என்று பிடிபடும். சிக்னலிலிருந்து ஒரு சாணாவது தள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளை வெளிச்சம் சிக்னலை விழுங்கிவிடும். முன்னுக்கு நீலமும் சிவப்பும் வேண்டவே வேண்டாம்.

வயரை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றுகிற வேலையை விடுங்கள். நம்முடைய வெயிலுக்குப் பசை உருகி, அதில் கிரவல் புழுதி அப்பி, மாரி மழையோடு உள்ளே செம்பு பச்சை பிடித்துவிடும். சொல்டர் செய்து சுருங்கும் குழாய் போட்டால் கவலையில்லை.

3. பிளாஷர்

பழைய சிக்னல் பல்ப் ஒன்று 10 வாற். ஒரு பக்கத்துக்கு இரண்டு, ஆகவே ஏறக்குறைய 1.7 அம்பியர் ஓடும். பழைய பிளாஷருக்குள் இருக்கும் உலோகத் தகடு அந்த மின்சாரத்தில் சூடாகி வளைந்துதான் விட்டு விட்டு எரிய வைக்கிறது. எல்ஈடி இழுக்கும் சொற்ப மின்சாரத்துக்குத் தகடு சூடேறாது. மின்னாமல் அப்படியே நிற்கும். வேறு வகைப் பிளாஷர் என்றால் படபடவென்று அடிக்கும். எல்ஈடிக்கான பிளாஷரைப் போட்டால் தீர்ந்தது. அதில் பி என்ற முனை கறுப்புக்கு, எல் என்ற முனை சுவிட்சுக்குப் போகும் சாம்பல் வயருக்கு. மாறிக் கொடுத்தால் வேலை செய்யாது. மூன்றாவது முனை இருந்தால் அது எர்த். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவைக்குள் மின்னினால் சரி.

ரெசிஸ்ரர் போட்டுச் சமாளிக்கலாம் என்றும் சொல்வார்கள். பல்ப் குடித்த மின்சாரத்தை வீணே சூடாக்குகிற வேலை அது. பிளாஸ்ரிக்கில் தொட்டால் உருக்கியும் விடும். நான் போட மாட்டேன்.

4. நாலும் சேர்ந்து மின்னுகிறதா?

எனக்கு அதிக நேரம் இழுத்தது இந்த இடந்தான். வலப்பக்கம் போட்டால் இடப்பக்கமும் மின்னும். முறிகண்டியில் பிள்ளையாருக்கும் கச்சானுக்குமாக ஒதுங்கும்போது நாலும் மின்னினால் பின்னால் வருகிற பஸ்காரர் என்னவென்று நினைப்பார்? பிளாஷர் பழுது என்று கடையில் இன்னொன்று விற்கப் பார்ப்பார்கள். வாங்காதீர்கள்.

காரணம் வண்டியின் வேகம் காட்டும் மீற்றருக்குள் இருக்கிறது. சிக்னல் போட்டதைக் காட்ட, இடம் வலம் இரண்டுக்கும் ஒரே ஒரு சின்ன பல்ப் உள்ள வண்டிகளில், அதன் ஒரு முனை இடப்பக்கச் செம்மஞ்சள் வயரிலும் மறு முனை வலப்பக்க இளநீல வயரிலும் நிற்கும். வலம் போட்டால் மின்சாரம் அந்தச் சின்ன பல்புக்குள்ளால் போய், இடப்பக்க பல்புகள் வழியாக எர்த்துக்கு இறங்கும். அந்தச் சொற்ப மின்சாரம் 10 வாற் பல்பை எரிய வைக்காது. எல்ஈடிக்கு அது தாராளம்.

சின்ன பல்பின் இரண்டு வயரையும் பிரித்தெடுங்கள். செம்மஞ்சளுக்கு ஒரு டயோட், இளநீலத்துக்கு ஒரு டயோட். டயோட்டில் வெள்ளிக் கோடு உள்ள முனை பல்ப் பக்கம் பார்க்க வேண்டும். கோடு உள்ள இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்து பல்பின் ஒரு முனைக்கு. மறு முனை பச்சைக்கு. இனி எந்தப் பக்கம் போட்டாலும் சின்ன பல்ப் எரியும், மற்றப் பக்கத்துக்கு எதுவும் கசியாது. இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி பல்ப் உள்ள வண்டி என்றால் இந்த வேலையே இல்லை.

பிறகு சேர்த்தது

பின் லைற்றுக்கும் எல்ஈடி போட்டேன், ஸ்லோவில் நின்றால் மினுங்குகிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதே ஏசிதான். பின் லைற்றுக்குப் போகும் வயரைப் பழைய இணைப்பிலிருந்து வெட்டி, திறப்புக்குப் பிந்திய கறுப்பில் பியூஸோடு கொடுங்கள். வெட்டிய மற்ற முனையைத் தனியாக மூடிவிட வேண்டும். ஏசியும் டிசியும் எங்கேயும் சேரக்கூடாது. இப்படிச் செய்தால் என்ஜின் நின்றாலும் திறப்புப் போட்டிருக்கும் வரை பின் லைற் எரியும். வீதியோரம் வண்டி நின்றுபோகிற இரவில் அது பெரிய உதவி. பற்றரியே இறங்கிப்போன வண்டிக்கு, பின் மட்கார்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒன்றும் ஒட்டிவிடுங்கள்.