வெளிநாட்டில் ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட உதவப் போகிறீர்களா? முதல்முறை போகிறவர்களுக்கான வழிமுறை

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அங்கே வீட்டைக் கட்டுவது அந்த ஊர்க் கொத்தனாரும், அதில் குடியிருக்கப் போகிற குடும்பமும்தான். நமக்குச் சித்தாள் வேலை: செங்கல் எடுத்துக் கொடுக்க வேண்டும், மணல் சலிக்க வேண்டும், கலவை சுமக்க வேண்டும். அதனால் கட்டட வேலை தெரியாதவர்களும் தயங்காமல் போகலாம்.

படி 1: அமைப்பைத் தேர்ந்தெடுங்கள்

இந்தத் துறையில் பலருக்கும் தெரிந்த பெயர் ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி. மில்லர்ட் ஃபுல்லரும் லிண்டா ஃபுல்லரும் 1976இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் தொடங்கியது. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டரும் அவர் மனைவி ரோசலினும் 1984 முதல் பல ஆண்டுகள் இதன் வீடுகளில் இறங்கி வேலை செய்தார்கள். இங்கே வீடு பெரும்பாலும் இலவசமில்லை. குடும்பமும் உடலுழைப்பைத் தருகிறது, வீட்டுக்கான கடனைத் தவணையில் அடைக்கிறது. எனக்கு இந்த முறைதான் பிடிக்கும், வீட்டுக்காரர் வீட்டுக்காரராகவே நிற்கிறார்.

லத்தீன் அமெரிக்கா பக்கம் போக விரும்பினால் டெச்சோ இருக்கிறது. 1997இல் சிலியில் பிறந்த அமைப்பு. முன்கூட்டியே செய்துவைத்த மரப்பலகைகளை வைத்து, சுமார் 18 சதுர மீட்டர் அவசரகால வீட்டை இரண்டே நாளில் எழுப்பிவிடுவார்கள்.

வேறு எந்த அமைப்பாக இருந்தாலும் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நிலம் யார் பேரில் இருக்கிறது? உள்ளூர்க் கொத்தனாருக்குக் கூலி உண்டா? நாம் கிளம்பிய பிறகு மீதி வேலையை யார் முடிப்பார்கள்? நிலத்தைப் பற்றித் தெளிவான பதில் வராவிட்டால் அந்த அமைப்பை விட்டுவிடுங்கள். பட்டா இல்லாத மண்ணில் எழுப்பிய வீட்டிலிருந்து அந்தக் குடும்பத்தை நாளைக்கே யாரும் வெளியேற்றலாம்.

படி 2: பணம்

விமானச் செலவு நம்முடையது. தங்குமிடம், சாப்பாடு, கட்டுமானப் பொருளுக்கான பங்கு எல்லாம் சேர்த்து ஒரு கட்டணமும் இருக்கும். அதில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது என்று கணக்குக் கேளுங்கள்.

படி 3: விசா

எனக்கு அதிக நாள் பிடித்தது இந்தப் படிதான், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ‘சம்பளம் வாங்கவில்லையே, சுற்றுலா விசா போதாதா?’ என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல நாடுகளில் சம்பளமில்லாத வேலையும் வேலைதான். தாய்லாந்தில் சுற்றுலா விசாவில் தன்னார்வ வேலை செய்யக் கூடாது. பிரிட்டனிலோ, பார்வையாளராகப் போனவர் பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை உதவலாம். நாட்டுக்கு நாடு விதி மாறும்.

ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் எந்த வகை விசா வேண்டும் என்று அமைப்பிடம் எழுத்தில் கேளுங்கள். வேலை நடக்கும் ஊர், தேதி, என்ன வேலை என்பதெல்லாம் உள்ள அழைப்புக் கடிதத்தை வாங்குங்கள். அப்புறம் அந்த நாட்டுத் தூதரகத்தின் விதியோடு ஒப்பிடுங்கள். இரண்டும் பொருந்திய பிறகுதான் விமான டிக்கெட். ‘சுற்றுலா என்றே எழுதிவிடுங்கள்’ என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதமாவது மீதி இருப்பது நல்லது.

படி 4: தடுப்பூசி

ஆணியும் துருக்கம்பியும் கிடக்கும் இடம். டெட்டனஸ் ஊசி போட்டுப் பத்து ஆண்டு ஆகியிருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி கேட்கும் நாடு என்றால், ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான் சான்றிதழ் செல்லும்.

படி 5: எடுத்துப் போக வேண்டியவை

கையுறை இரண்டு வகை வேண்டும். செங்கல் தூக்கத் தோல் கையுறை, கலவைக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் பூசியது. துணிக் கையுறை வேண்டவே வேண்டாம். ஈரச் சிமெண்ட் கடுமையான காரம். துணி அதை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைத்துப் புண்ணாக்கும். காலுக்கு முன்பக்கம் இரும்பு வைத்த பூட்ஸ், ஏற்கெனவே போட்டுப் பழகியதாக இருக்கட்டும். கலவை எடுத்துப் பூசும் கரணை, மட்டம் பார்க்கும் ரசமட்டம் எல்லாம் அங்கேயே இருக்கும், சுமக்காதீர்கள்.

படி 6: வேலைத்தளத்தில்

முதல் நாள் கொத்தனாரின் கையைப் பாருங்கள். செங்கலை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போடச் சொல்வார். காய்ந்த செங்கல் கலவையிலுள்ள ஈரத்தைக் குடித்துவிடும், பிடிப்பு இருக்காது. கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழையுங்கள். அரைமணி நேரத்தில் தீர்கிற அளவு போதும். இறுகத் தொடங்கியதில் மறுபடி தண்ணீர் விட்டு இளக்கக் கூடாது. ஒரு வரிசையின் இணைப்பு அடுத்த வரிசையின் இணைப்புக்கு நேர்மேலே வரக் கூடாது.

உங்களையும் ஒரு வரிசை வைக்கச் சொன்னால் வரிசை நேராக வருவதற்காகக் கட்டியிருக்கும் நூலைத் தொடாமல் வையுங்கள். செங்கல் நூலில் முட்டினால் சுவரே அந்தப் பக்கம் சாயும். கோணலாகிவிட்டால் ஈரம் காயும் முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள். தயங்கினால் நாம் தூங்கப் போன பிறகு அவர் அதைப் பிரித்துக் கட்டுவார்.

குடும்பத்தைப் படம் எடுக்கும் முன் கேளுங்கள். குழந்தைகளின் படத்தை இணையத்தில் போடாதீர்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டுக் கிளம்பிய ஒருவர் எழுதியிருந்தார்: அவருடைய பயணக் காப்பீட்டில் ‘உடலுழைப்பு வேலையின்போது ஏற்படும் காயத்துக்குப் பொருந்தாது’ என்று ஒரு வரி இருந்ததாம். பல பாலிசிகளில் இந்த வரி உண்டு. அமைப்பே காப்பீடு தருகிறதா என்று பாருங்கள். தராவிட்டால், ‘தன்னார்வக் கட்டுமான வேலை, சாரத்தில் ஏறுவது உட்பட’ என்று குறிப்பிட்டுக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிய பிறகு பணம் கட்டுங்கள்.