துடைப்பத்தை எடுக்கும் முன்: மியூசிய விலங்குப் பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மியூசியம் என்றாலே கண்ணாடிப் பெட்டிக்குள் அசையாமல் இருக்கும் பொருள்கள்தான் நினைவுக்கு வரும். ஆனால் உயிருள்ள விலங்குகளை வைத்திருக்கும் மியூசியங்களும் நிறைய உண்டு. பாரிஸின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தோடு 1794-லேயே ஒரு விலங்குக் காட்சிசாலை சேர்ந்துவிட்டது. அமெரிக்காவின் டூசான் அருகே 1952-ல் தொடங்கிய அரிசோனா-சொனோரா பாலைவன அருங்காட்சியகம் பெயரில் மியூசியம், நடைமுறையில் பெரும்பாலும் உயிரியல் பூங்கா. வட கரோலினாவின் டர்ஹாமில் இருக்கும் உயிர் மற்றும் அறிவியல் அருங்காட்சியகத்தில் கரடி, லெமூர், சிவப்பு ஓநாய் எல்லாம் இருக்கின்றன. சின்ன மியூசியங்களில் இரண்டு பாம்பு, நாலு தவளை, ஒரு டரான்டுலா சிலந்தி என்று ஓர் அறையோடு முடிந்துவிடும்.

இங்கே புதிதாக வேலைக்கு வருபவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றே. கட்டடத்தில் மற்ற எல்லாமே நேற்று வைத்தபடி இன்றும் இருக்கும். அந்தப் பழக்கத்தில் விலங்கும் நேற்று இருந்தபடியே இருக்கும் என்று மனது எடுத்துக்கொள்கிறது. அங்கேதான் சறுக்கல்.

காலையில் முதல் அரை மணி நேரம்

வந்ததும் துடைப்பத்தை எடுப்பது முதல் தவறு. கதவு திறக்கும் நேரம் நெருங்குகிறது, கண்ணாடி பளிச்சென்று இருக்க வேண்டும், அதனால் நேராகச் சுத்தம் செய்ய இறங்கிவிடுவார்கள். ராத்திரி என்ன நடந்தது என்பதற்கான தடயம் முழுக்க அந்தத் தரையில்தான் கிடக்கிறது. எச்சம் இளகியிருக்கிறதா, மிச்சம் வைத்த தீனி எது, தண்ணீர் எவ்வளவு குறைந்திருக்கிறது, கக்கிய இரை ஏதும் கிடக்கிறதா? கூட்டிப் பெருக்கிய பிறகு இதில் எதற்கும் பதில் கிடைக்காது. முதலில் ஒரு சுற்று நடந்து பார்க்க வேண்டும். கையில் குறிப்பேடு போதும்.

அந்தச் சுற்றிலேயே எண்ணிக்கையும் முடிய வேண்டும். பாம்புத் தொட்டியில் மறைவிடம் இருக்கிறது, ஆகவே பாம்பு அதற்குள் இருக்கும் என்று நினைத்து நகர்ந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. உடம்பில் ஒரு பகுதியையாவது கண்ணால் பார்த்தால்தான் கணக்கில் சேர்க்கலாம். வெப்பமானியையும் இப்போதே பார்த்துவிட வேண்டும். பல கட்டடங்களில் ராத்திரியும் விடுமுறை நாளிலும் குளிர்சாதனமோ சூடேற்றியோ வேறு அளவுக்கு மாறிவிடும். மனிதர்கள் இல்லாத நேரத்தில் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது நல்ல எண்ணம்தான், பல்லிக்கு அது தெரியாது.

பூட்டு

கரடி, ஓநாய் போன்ற பெரிய விலங்கு உள்ள இடத்தில் வேலையே பூட்டுதான். விலங்கை உள்ளறைக்கு அனுப்பி, நடுக்கதவைப் பூட்டி, எண்ணிப் பார்த்து, பூட்டைக் கையால் இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் வெளி அடைப்புக்குள் கால் வைக்க வேண்டும். இந்த வரிசை தெரியாமல் யாரும் தவறுவதில்லை. பாதியில் போன் அடிக்கும், ஒருவர் வந்து ஏதோ கேட்பார், பேசிவிட்டுத் திரும்பும்போது "பூட்டிட்டேன்" என்ற நினைவு மட்டும் இருக்கும். இடையில் நின்றுபோனால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. ஒரே பகுதியில் இரண்டு பேர் வேலை செய்வது பாதுகாப்பு என்று நினைப்போம். யார் எந்தப் பூட்டுக்குப் பொறுப்பு என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டால் அது தனியாகச் செய்வதைவிட ஆபத்து, ஏனென்றால் இருவருமே மற்றவர் பூட்டியிருப்பார் என்று நம்புவார்கள். விஷப் பாம்பு மட்டும் இதற்கு விலக்கு. அதை ஒருபோதும் ஆள் துணையில்லாமல் தொடக் கூடாது.

தீனி

பார்வையாளர்களுக்குப் பிடித்த பகுதி இது. தவறுகள் குவியும் பகுதியும் இதுதான். கண்ணளவில் போடுவது முதல் தவறு. கூண்டில் இருக்கும் விலங்கு பட்டினியால் மெலிவதைவிட அன்பால் கொழுப்பது அதிகம். பயிற்சிக்குக் கொடுக்கும் துண்டுப் பழமும் அன்றைய அளவிலிருந்து கழிய வேண்டும், அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டால் மாத எடை காட்டிக்கொடுத்துவிடும்.

பூச்சி தின்னும் பல்லிக்கும் தவளைக்கும் வெட்டுக்கிளி இனத்துச் சுவர்க்கோழிகளைக் கொடுப்பது வழக்கம். இந்தப் பூச்சிகளில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. அப்படியே கொடுத்துக்கொண்டிருந்தால் எலும்பு மெலியும், தாடை வளையும். கொடுப்பதற்கு ஒரு நாள் முன்பாவது பூச்சிக்கே நல்ல தீனி போட்டு, கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். தின்னாமல் விட்ட பூச்சியைத் தொட்டியில் விட்டு வைக்கவும் கூடாது. பசியெடுத்த சுவர்க்கோழி தூங்கும் பல்லியைக் கடிக்கும். உறைந்த மீனை மட்டுமே தின்று வாழும் விலங்குக்கு வேறொரு சிக்கல்: சில மீன் வகைகளில் இருக்கும் ஒரு நொதி பி1 வைட்டமினைச் சிதைத்துவிடும், நரம்பு தளரும். அதனால்தான் மீனுக்குள் மாத்திரை வைத்துக் கொடுக்கிறார்கள்.

பார்வையாளர் முன்னால் தீனி போடும் நிகழ்ச்சி உள்ள இடங்களில் ஒரு தனி நெருக்கடி உண்டு. மணி அடித்தாயிற்று, குழந்தைகள் கூடிவிட்டார்கள், டரான்டுலா இரையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தோலுரிக்கப் போகும் சிலந்தி தின்னாது. அந்த நேரத்தில் சுவர்க்கோழியை உள்ளேயே விட்டுவிட்டுப் போனால், தோலுரித்து மெத்தென்று கிடக்கும் சிலந்தியை அந்த இரையே கடித்துக் காயப்படுத்தலாம். இரையை எடுத்துவிட்டு, ஏன் தின்னவில்லை என்பதைக் குழந்தைகளிடம் சொல்லலாம். என்னைக் கேட்டால், அதுதான் நல்ல நிகழ்ச்சி.

விளக்கு எரிகிறது, போதாதா?

போதாது. பகலில் வெயில் காயும் பல்லிகளுக்கும் ஆமைகளுக்கும் யுவிபி என்ற புற ஊதாக் கதிர் வேண்டும், தோலில் டி3 வைட்டமின் உருவாவது அதில்தான். விளக்கு கண்ணுக்குப் பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்கும், ஆனால் யுவிபி மெல்லக் குறைந்துபோயிருக்கும். தயாரிப்பாளர் சொல்லும் கெடுவுக்குள், பெரும்பாலும் 6 முதல் 12 மாதத்துக்குள், மாற்ற வேண்டும். அளக்கும் கருவி இருந்தால் இன்னும் நல்லது. அழகுக்காக விளக்குக்கும் விலங்குக்கும் நடுவில் சாதாரணக் கண்ணாடியை வைத்தால் யுவிபி கிட்டத்தட்ட முழுக்க அங்கேயே நின்றுவிடும். ஜன்னல் வழியாக வரும் வெயிலுக்கும் இதே கதிதான். வெப்பத்தை அளக்கும்போது சுவரில் மாட்டிய கருவியை நம்பாமல், விலங்கு உட்காரும் கல்லின் மேல் அளக்க வேண்டும்.

மியூசியத்துக்கே உரிய சிக்கல்

மற்ற உயிரியல் பூங்காக்களில் இல்லாத பகை இது. பக்கத்து அறையில் பதப்படுத்திய பறவைகள், தோல்கள், உலர்ந்த பூச்சிகள், பழைய துணிகள். விலங்கு அறைக்கு வரும் வைக்கோலிலும் தானியத்திலும் ஒட்டிக்கொண்டு வரும் வண்டுகளுக்கு அது விருந்து. மூட்டையைக் காட்சிக்கூடம் வழியாகத் தூக்கிப் போவது, தீனியைத் திறந்த வாளியில் வைப்பது, தப்பிய பூச்சியை "ஒண்ணுதானே" என்று விடுவது எல்லாம் அடுத்த அறைக்காரருக்குத் தலைவலி.

பல மியூசியங்களில் எலும்புக்கூடு தயாரிக்க டெர்மெஸ்டிட் வண்டுகளை வளர்க்கிறார்கள். சதையை அரித்து எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும் வேலையில் இவற்றை மிஞ்ச ஆளில்லை. அதே வண்டு சேகரிப்பு அறைக்குள் நுழைந்தால் நூறு வருடத்துத் தோல் மாதிரியையும் விடாது. அதனால் வண்டு அறையைத் தனியாக, முடிந்தால் தனிக் கட்டடத்தில் வைப்பார்கள். அங்கே வேலை முடித்த உடையோடு சேகரிப்பு அறைக்குப் போகக் கூடாது.

எதிர்த்திசையிலும் ஆபத்து வரும். சேகரிப்பைக் காப்பாற்ற நினைக்கும் துறை பூச்சிமருந்து அடித்தால், காற்றோட்டக் குழாய் வழியாக அது டரான்டுலாவுக்கும் எறும்புக் கூட்டத்துக்கும் போகும். இலைவெட்டி எறும்புகளை வைத்திருக்கும் இடத்தில் இலை எங்கே பறித்தது என்று கேட்க வேண்டும். மருந்தடித்த தோட்டத்து இலை வந்தால் எறும்போடு அது வளர்க்கும் பூஞ்சையும் போய்விடும். கண்ணாடி துடைக்கும் திரவத்தைத் தவளைத் தொட்டியின் வலைமூடி பக்கம் பீய்ச்சுவதும் இதில் சேரும், ஏனென்றால் தவளை தோலால் எல்லாவற்றையும் உறிஞ்சும். தவளையைத் தொட வேண்டி வந்தால் பவுடர் இல்லாத கையுறையை நனைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். உலகெங்கும் தவளைகளைக் கொன்ற கைட்ரிட் பூஞ்சைக்கு 1999-ல்தான் அறிவியல் பெயர் வைத்தார்கள். ஈரக் காலணியிலும் வலையிலும் அது சுலபமாகப் பயணம் போகும். ஆகவே புதிதாக வந்த விலங்கை நேராகக் காட்சிக்கு வைக்காமல் தனியறையில் குறைந்தது ஒரு மாதமாவது வைத்திருக்க வேண்டும், அந்த அறை வேலையை நாளின் கடைசியில் செய்ய வேண்டும்.

"பழகிடுச்சு"

இந்தச் சொல்லைக் கேட்டால் கொஞ்சம் உஷாராகலாம். பாம்பு கையில் அசையாமல் இருப்பது நிம்மதியாலும் இருக்கலாம், பயத்தாலும் இருக்கலாம். மனிதர் எவ்வளவு தூரத்தில் வந்தால் விலங்கு ஓடத் தொடங்கும் என்ற தப்பியோடும் தூரத்தைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர் சுவிஸ் விலங்கியலாளர் ஹெய்னி ஹெடிகர். ஓட இடமில்லாத விலங்கு அமைதியாகத் தெரியும், அவ்வளவுதான். பார்வையாளரிடம் எடுத்துப் போகும் விலங்குக்கு நேர வரம்பும் ஓய்வு நாளும் வேண்டும். டரான்டுலாவை நின்றபடி கையில் ஏந்திக் காட்டுவது வேண்டாம். இடுப்பு உயரத்திலிருந்து விழுந்தாலே வயிறு வெடித்துச் செத்துப்போகலாம்.

பழக்கவே கூடாத விலங்கும் உண்டு. சிவப்பு ஓநாய் 1980-ல் காட்டில் அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. பிடித்து வளர்த்த 14 ஓநாய்களின் வம்சத்திலிருந்து 1987-ல் வட கரோலினாக் காட்டில் மீண்டும் விடத் தொடங்கினார்கள். அந்தத் திட்டத்தில் இருக்கும் குட்டி ஒருநாள் காட்டுக்குப் போகக்கூடும் என்பதால், அது மனிதரைக் கண்டால் ஒதுங்குவதுதான் நல்ல பராமரிப்புக்கு அடையாளம். கொஞ்சிப் பேசும் ஆசை இருந்தால் வீட்டில் நாய் வளர்த்துக்கொள்ளலாம்.

"பாவம், தனியா இருக்கே" என்று ஜோடி சேர்ப்பதும் இந்த வகைதான். சான் பிரான்சிஸ்கோவின் கலிஃபோர்னியா அறிவியல் அகாடமிக்கு 2008-ல் வந்த கிளாட் என்ற வெள்ளை அலிகேட்டருக்கு (முதலையில் ஒரு வகை) கண்பார்வை குறைவாக இருந்தது. கூட வைத்த பெண் அலிகேட்டரின் மேல் முட்டிக்கொள்ள, அது கடித்து கிளாட்டின் கால்விரல் ஒன்று போனது. பிறகு கிளாட்டைத் தனியாகவே வைத்தார்கள்.

எழுதி வைப்பது

குறிப்பேட்டில் "நலம்", "வழக்கம்போல்" என்று எழுதுவது எழுதாததற்குச் சமம். நோயை மறைப்பது பெரும்பாலான விலங்குகளின் இயல்பு, வெளியே தெரியும்போது வெகுதூரம் போயிருக்கும். "கீரையில் பாதி மிச்சம், பின் இடது காலை ஊன்றத் தயங்கியது, எடை 412 கிராம்" என்பது மாதிரி எழுதினால், நாளை வேலைக்கு வரும் வேறொருவருக்கு ஏதோ பிடிபடும்.

இறந்த பிறகும் ஒரு தவறுக்கு இடம் இருக்கிறது. பதற்றத்தில் உடலை உறைபெட்டியில் போட்டுவிடுவார்கள். உறைந்தால் செல்கள் சிதைந்துவிடும், பிரேதப் பரிசோதனையில் திசுவைப் பார்ப்பது கடினமாகிவிடும். மருத்துவர் வரும்வரை சாதாரணக் குளிர்பெட்டியில், பெயர், எண், பார்த்த நேரம் எழுதிய சீட்டோடு வைக்க வேண்டும். பரிசோதனை முடிந்த உடல் அதே மியூசியத்தின் வண்டு அறைக்குப் போய், எலும்புக்கூடாகச் சேகரிப்பில் சேர்வதும் உண்டு. அப்போது எடைப் பதிவு, தீனிப் பதிவு, மருத்துவக் குறிப்பு எல்லாவற்றின் நகலையும் அந்த எண்ணோடு சேர்த்து அனுப்ப மறக்கக் கூடாது.