கோட்டை மண்ணில் கிடைத்த தெறியைப் புளி போட்டு விளக்காதீர்கள்

யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கோட்டைப் பக்கமோ ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, பூநகரிக் கோட்டைகளை அண்டிய காணிகளிலோ அத்திவாரம் வெட்டும்போது பச்சை பிடித்த சின்ன வட்டம் ஒன்று வந்தால், சதக்காசு என்று நினைத்துவிடாதீர்கள். பின்பக்கம் வளையம் போல ஒரு காது இருந்தால் அது சட்டைத் தெறி. சிப்பாயின் தெறியாகவும் இருக்கலாம். குத்துவிளக்கைப் போல அதைப் புளியும் சாம்பலும் போட்டு விளக்கினால் பளபளப்பு வரும், அதில் பொறித்த படை இலக்கம் போய்விடும். பழைய மேற்பரப்பின் வடிவத்தை வைத்திருப்பதே அந்தப் பச்சைப் படைதான்.

முதலில் சட்டம். தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2 ஐ எல்லையாக வைத்திருக்கிறது. அதற்கு முந்தியது என்று கருத இடமிருந்தால் தொல்லியல் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். சுத்தம் செய்வதும் அவர்களுடைய வேலை, நீங்கள் பொதி செய்தால் போதும். தெறி தேடி மண்ணைக் கிண்டவே வேண்டாம், வெடிபொருள் இன்னும் கிடக்கிற மண் இது. துணியோடு எலும்பு தெரிந்தால் கை வைக்காமல் அப்படியே விட்டுவிட்டுப் பொலிசுக்குச் சொல்லுங்கள்.

எடுப்பதற்கு முன் பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படம் எடுங்கள். இடம், ஆழம், திகதி மூன்றையும் பென்சிலால் எழுதுங்கள், பேனை மை ஈரத்தில் ஊறிப் பரவும். ஒவ்வொரு தெறிக்கும் தனிப் பை.

காலத்தைத் தெறியே ஓரளவு சொல்லும். பிரித்தானியக் காலாட்படைத் தெறிகளில் படை இலக்கம் பொறிக்கும் கட்டளை 1767 இல் வந்தது. 19 என்று இருந்தால் கவனியுங்கள்: 19 ஆம் காலாட்படை 1796 இலிருந்து 1820 வரை இலங்கையில் இருந்தது, அதனால் தெறி 1815 எல்லைக்கு முந்தியதாகவும் இருக்கலாம். சாதாரண சிப்பாய்களுக்கு 1855 வரை சாம்பல் நிறப் பியூட்டர் (வெள்ளீயத்தில் ஈயம் கலந்த உலோகம்) தெறி, பிறகு பித்தளை. 1871 இலிருந்து பெரும்பாலான படைகளுக்கு அரச இலச்சினை போட்ட பொதுத் தெறி வந்ததால், அதை வைத்து எந்தப் படை என்று சொல்ல முடியாது. பிளாஸ்ரிக் தெறி அண்மைக் காலத்தது.

காதுக்குள் நன்றாகப் பாருங்கள். செம்பின் உப்பு கிருமியைக் கொல்லும். சட்டை முழுதும் உக்கிப்போன பிறகும் அந்தக் காதுக்குள் நாலைந்து நூல் இழை பச்சையாக ஒட்டிக்கொண்டிருக்கும். சீருடையில் மிஞ்சியது அதுதான். அதைக் கழுவவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம்.

பிற்காலத்துப் பித்தளைத் தெறி, உங்களிடமே இருக்கிறதென்றால்: மண்ணை நிழலில் உலரவிட்டு மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். முருகைக்கல் மண்ணின் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தால் தென்னை ஈர்க்கின் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக நெம்புங்கள், கத்தியும் ஊசியும் கீறிவிடும். நூல் இல்லாத தெறியை மட்டும் காய்ச்சி வடித்த நீரில் ஒரு நிமிடம் அலசி, 99% ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்து உலர விடுங்கள். கிணற்றுத் தண்ணி கூடாது. கடலோரக் கிணறுகளின் உவர், தெறிக்கு உள்ளே இருக்கிற உப்போடு இன்னும் உப்பைச் சேர்க்கும். பொன்முலாம் மின்னினால் தேய்க்கவே வேண்டாம்.

கெடுவது பெரும்பாலும் பிறகுதான். கரும்பச்சையும் கெட்டியுமாக இருந்தால் பயமில்லை. வெளிர் பச்சையில் மாவு போல உதிர்ந்தால், குளோரைட் உப்பு ஈரத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. அந்தத் தெறியை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, அரும்பொருளகத்துக்குக் கொண்டுபோங்கள். எண்ணெய் பூசினால் உப்பு உள்ளேயே இருந்து வேலை செய்யும்.

இறுக மூடும் ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் பெட்டிக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல், நிறம் மாறும் வகை, 100 கிராம் போடுங்கள். நிறம் மாறினால் அடுப்புப் பெட்டியில் (ஓவனில்) 110 பாகை செல்சியசில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறியபின் திருப்பிப் போடலாம். பியூட்டர் தெறியைப் பலகைப் பெட்டியில் வைக்காதீர்கள், மரத்திலிருந்து வரும் அமில ஆவி ஈயத்தை வெள்ளையாக உதிர்த்துவிடும். தெறியோடு கிடைத்த தோல் வாருக்குத் தேங்காயெண்ணெய் பூசாதீர்கள், அது சிக்குப்பிடித்துப் பூஞ்சணத்தைக் கூட்டும். கம்பளித் துண்டு உலர்ந்திருந்தால் கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில், மடிக்காமல் சுருட்டி வையுங்கள்.

ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை மாதம் இருமுறை பெட்டியைப் பாருங்கள். எங்கள் மாரியில்தான் வெளிர் பச்சை கிளம்பும்.