நாய்க்கு உணவு ஒவ்வாமையா? அவசரப்பட்டு உணவை மாற்றாதீர்கள்

நாய் ஓயாமல் பாதத்தை நக்குகிறது, காதைச் சொறிகிறது என்றதும் பலர் உடனே உணவை மாற்றிவிடுகிறார்கள். கோழிக்குப் பதில் ஆடு, பத்து நாளில் பலன் தெரியாவிட்டால் மீன், பிறகு வேறொரு பாக்கெட். இப்படித் தாவிக்கொண்டே இருந்தால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது கடைசிவரை தெரியாது. பின்னால் முறையாகச் சோதிக்க நினைக்கும்போது, நாய் இதுவரை தின்றிராத இறைச்சியைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

முதலில், அரிப்பு எல்லாமே உணவால் வருவதில்லை. தெள்ளுப்பூச்சி, சொறி, பூஞ்சை, வீட்டுத் தூசு என்று காரணங்கள் பல. வால் அடியிலும் இடுப்பிலும் முடி கொட்டினால் தெள்ளுப்பூச்சியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உணவு ஒவ்வாமை பெரும்பாலும் பாதம், காது, அக்குள், அடிவயிறு, ஆசனவாயைச் சுற்றிய இடங்களில் தெரியும். பருவம் பார்க்காமல் ஆண்டு முழுவதும் இருக்கும். மருந்து போட்டும் காதுப்புண் திரும்பத் திரும்ப வருவது முக்கியமான அறிகுறி. சில நாய்களுக்கு அடிக்கடி மலம் இளகும், வாந்தியும் வரும்.

“குட்டியிலிருந்து இதைத்தானே தின்கிறது, இப்போது மட்டும் எப்படி?” என்று கேட்பார்கள். பழகிய உணவுக்குத்தான் ஒவ்வாமை வரும். மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தின்ற பிறகும் வரலாம். நாய்களிடம் அதிகம் உறுதிசெய்யப்பட்டவை மாட்டிறைச்சி, பால் பொருட்கள், கோழி, கோதுமை. தயிர் சாதம், பிஸ்கட், கோழிக்கழுத்து என்று நம் வீட்டு நாய்கள் தினமும் தின்பவற்றை இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

இரத்தம், உமிழ்நீர், முடி ஆகியவற்றை அனுப்பிச் செய்யும் பரிசோதனைகளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். உணவு ஒவ்வாமையைக் கண்டறிய அவை நம்பத்தகுந்தவை அல்ல. நம்பக்கூடியது விலக்கு உணவு முறை ஒன்றுதான். நாய் இதுவரை தின்றிராத ஓர் இறைச்சியும் ஒரு மாவுச்சத்தும் மட்டும், அல்லது புரதத்தை மிகச் சிறு துண்டுகளாக உடைத்துத் தயாரித்த மருத்துவ உணவு மட்டும், 8 வாரம் தர வேண்டும். ஒவ்வாமை உள்ள நாய்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்தக் காலத்துக்குள் தேறிவிடும். மூன்றாம் வாரமே நம்பிக்கை இழந்து நிறுத்துவதால்தான் பல வீடுகளில் விடை கிடைப்பதில்லை.

இன்னொரு பெரிய ஓட்டை, “ஒரே ஒரு பிஸ்கட்தானே” என்பது. அந்த ஒன்று அரிப்பைத் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். பாட்டி ஊட்டும் பால், குழந்தை சிந்தும் சோறு, பூனையின் தட்டு, மாத்திரையைப் பொதிந்து தரும் சீஸ், இறைச்சிச் சுவையூட்டிய உண்ணி மாத்திரை எல்லாமே கணக்கில் சேரும். வீட்டில் எல்லோரிடமும் கண்டிப்பாகச் சொல்லுங்கள். கொஞ்சிக் கொடுக்க ஆசைப்படுபவர்களைத் தடுக்க வேண்டியதில்லை. அன்றைய விலக்கு உணவிலேயே சிறிது எடுத்துவைத்து அதைக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் சமைத்தால் மசாலா கூடாது. வெங்காயமும் பூண்டும் நாய்க்கு நஞ்சு. வளரும் குட்டி என்றால் கால்நடை மருத்துவரின் அளவுக் குறிப்பு இல்லாமல் தொடங்காதீர்கள்.

ஸ்டீராய்டு தந்தால் அரிப்பு அடங்கும். ஆனால் 8 வாரமும் அதைக் கொடுத்துக்கொண்டே இருந்தால் தேறியது உணவாலா, மருந்தாலா என்று தெரியாது. எப்போது குறைப்பது, எப்படி நிறுத்துவது என்பதை மருத்துவரோடு முடிவு செய்யுங்கள். நீங்களாகத் திடீரென நிறுத்துவது ஆபத்து.

அரிப்பு நின்றதும் பெரும்பாலோர் அதோடு விட்டுவிடுகிறார்கள். அது அரைச் சோதனைதான். பழைய உணவைத் திரும்பக் கொடுத்து, இரண்டு வாரத்துக்குள் அரிப்பு மீண்டும் வந்தால்தான் உறுதி. அதன்பின் விலக்கு உணவுக்குத் திரும்பி, நாய் தேறியதும் கோழி, பால், கோதுமை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும். செல்லத்தைத் திரும்பச் சொறிய விட மனம் வராதுதான். ஆனாலும் இதைச் செய்யாவிட்டால், தேவையே இல்லாமல் ஆயுள் முழுக்கப் பத்தியம் வைக்கிறோம்.

எது ஒவ்வாதது என்று தெரிந்த பிறகு பாக்கெட்டின் முகப்பை நம்பாதீர்கள். ‘ஆட்டிறைச்சி’ என்று பெரிதாக அச்சிட்டிருக்கும். பின்பக்கத்துப் பொடி எழுத்தில் கோழியும் இருக்கும்.