கணினியில் வரைந்த 3டி மாடலில் எடை தப்பாக வந்தால் எங்கே தேடுவது

100 மி.மீ. சதுரம், 10 மி.மீ. தடிமன். இந்த எஃகுத் தகட்டுக்கு 785 கிராம் வர வேண்டும். என் திரையில் வந்தது 100 கிராம். மெட்டீரியல் கொடுக்க மறந்திருந்தேன். மென்பொருள் தானாகவே தண்ணீரின் அடர்த்தியை எடுத்துக்கொண்டது: கன மீட்டருக்கு 1000 கிலோ. எஃகுக்கு 7850. அதிலிருந்து, எடை உதைத்தால் முதல் வேலையாக அதைக் கன அளவால் வகுத்துப் பார்ப்பேன். நீங்களும் அதையே செய்யுங்கள். வரும் அடர்த்தி பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அடர்த்தி சரியா? அப்போது கன அளவில்தான் கோளாறு. எஸ்டிஎல் ஃபைலில் (வடிவத்தைச் சிறு முக்கோணங்களாகச் சேமிக்கும் ஃபைல்) அலகு இருக்காது, அங்குலத்தை மி.மீ. என்று படித்தால் எடை சுமார் 16,387 மடங்கு குறைந்துவிடும். தெரிந்த ஒரு விளிம்பை அளந்தாலே பிடிபடும். வெளியிலிருந்து வந்த ஸ்டெப் ஃபைலில் (மென்பொருள்களுக்கு இடையே மாடலைக் கொண்டுபோகும் ஃபைல்) பரப்புகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் அது திடப்பொருளாகவே சேராது. தைத்து மூட வேண்டும்.

பல பாகங்கள் சேர்ந்த அசெம்பிளியில் சப்ரஸ் செய்த, அதாவது தற்காலிகமாக அணைத்துவைத்த பாகம் எடைக் கணக்கில் வராது. ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார்ந்த இரண்டு போல்ட்டும் தனித்தனியாகக் கூடும்.

அப்புறம், எனக்குப் பிடிக்கவே பிடிக்காத ஒன்று: யாரோ கையால் அடித்துவைத்த எடை (ஓவர்ரைடு). வடிவம் மாறினாலும் எண் மாறாது. ஒரு துளையைப் பெரிதாக்கிப் பாருங்கள். எடை அசையவில்லை என்றால் அந்த ஓவர்ரைடை எடுத்துவிடுங்கள்.